பரணிக்கு வந்த பரிமாறும் முறை

பேகம்பூரிலிருந்து முதல் பேருந்தில் ஏறி, இருபத்திரண்டு ஆண்டுகளாக மணி அடிக்கும் முன்னே எங்கள் பள்ளி வாசலில் வந்து நின்றவரே! வாசிக்கத் தெரியாத பிள்ளை ஒன்றுகூட ஐந்தாம் வகுப்பைத் தாண்டக் கூடாதென்று மாலைவரை மல்லுக்கு நின்றவரே! பணி நிறைவு பெறும் எங்கள் தலைமை ஆசிரியை கமர்ஜஹான் அம்மையீரே, வணக்கம்!

இம்மடலுக்குத் தாங்களே ஒரு நிபந்தனை வைத்தீர்கள். "நல்லத மட்டும் எழுதிக் கண்ணாடி போட்டுக் குடுத்தா நான் வீட்ல மாட்ட மாட்டேன். பரணி கதைய எழுதுங்க" என்றீர்கள். எழுதியிருக்கிறோம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் ஏழாம் வகுப்பில் ஜப்பான் பள்ளிக்கூடங்களைப் பற்றிப் பாடம் எடுத்தீர்கள். அங்கே பிள்ளைகளே வகுப்பறையைப் பெருக்குவார்கள், வெள்ளைத் தொப்பி அணிந்து முறை வைத்து ஒருவருக்கொருவர் மதிய உணவு பரிமாறுவார்கள், ஆசிரியரும் உடன் அமர்ந்து அதையே உண்பார் என்று கைப்பேசியில் படம் காட்டினீர்கள். பிள்ளைகள் வாய் பிளந்தார்கள். மறுநாளே கரும்பலகையில் முறைப்பட்டியல் எழுதினீர்கள், வருகைப் பதிவேட்டின் வரிசைப்படியே.

மூன்றாம் நாள் சாம்பார்க் கரண்டி பரணிக்கு வந்தது. காலனியிலிருந்து வரும் கருப்பம்மாளின் மகள் அவள். நகம் வெட்டி, சோப்புப் போட்டுக் கை கழுவி, பத்து விரலையும் தங்களிடம் நீட்டிக் காட்டிவிட்டுத்தான் கரண்டியைத் தொட்டாள். முதல் வரிசை முடிவதற்குள் ஊருக்குள்ளிருந்து பெருமாள்சாமி வந்துவிட்டார்.

"ஏன் டீச்சர், ஜப்பான்ல அம்புட்டுப் பேரும் ஒரே சாதி. இங்கன அப்படியா? எம்புள்ள அந்தப் புள்ள கையால திங்கணுமாக்கும்? இப்பவே டீசி குடுங்க."

அவர் பின்னால் இன்னும் ஒன்பது பேர் நின்றார்கள். பரணியின் கையிலிருந்து கரண்டியை வாங்கித் தாங்களே ஊற்றினீர்கள். மறுநாள் பட்டியல் மாறியது. காலனிப் பிள்ளைகளுக்குத் துடைப்பமும் தட்டுக் கழுவுதலும், மற்றவர்களுக்குக் கரண்டி. அந்த ஆண்டு தூய்மைக்கான பரிசு நம் பள்ளிக்குக் கிடைத்தது. துடைப்பத்தோடு பரணி நிற்கும் படம் இன்னும் அலுவலக அறையில் தொங்குகிறது. அதை எடுத்த மறுவாரமே அவள் பள்ளியை விட்டு நின்றாள்.

அவளைத் தேடி மூன்று முறை சம்பங்கித் தோட்டத்துக்குப் போனீர்கள். மூன்றாம் முறை, பூக்கூடையிலிருந்து தலையைத் தூக்காமலே அவள் கேட்டாள்: "வாரேன் டீச்சர். கரண்டியக் குடுப்பீங்களா?"

தனியாகத் திரும்பி வந்தீர்கள். பதினெட்டு வயதில் அவள் வேடசந்தூர் மில் பஸ்ஸில் ஏறினாள்.

இந்தக் கடைசி ஆண்டில், பள்ளி திறந்த அன்றே பழைய பட்டியலை மறுபடி எழுதினீர்கள், பதிவேட்டு வரிசைப்படி. ஊர்ப் பெற்றோரைக் கூட்டிக்கொண்டு பெருமாள்சாமி மறுபடி வந்தார்.

"ரிட்டயர் ஆகப்போற நேரத்துல எதுக்கு டீச்சர் இந்த வீம்பு?"

"இப்பக்கூடச் செய்யலன்னா எப்பண்ணே?"

அப்படிச் சொல்லிவிட்டுப் பதினான்கு மாற்றுச் சான்றிதழ்களில் கையெழுத்திட்டீர்கள். மிஞ்சியிருப்பது இருபத்தொரு பிள்ளைகள். அடுத்த ஆண்டு இந்தப் பள்ளி இருக்குமா என்பது எங்களுக்குத் தெரியாது. இருக்கும்வரை அந்தப் பட்டியலை அழிக்க மாட்டோம்.

அஞ்சியதை மறைக்காத அம்மையீரே! இன்றைய விருந்துக்கு ஐம்பது இலை வாங்கியிருக்கிறோம். ஊரில் வீடு வீடாகப் போய் அழைத்தோம். வருவதாக எவரும் சொல்லவில்லை. மில்லில் விடுப்புச் சொல்லிவிட்டுப் பரணி மட்டும் வந்திருக்கிறாள். பின்வாசல் குழாயில் கை கழுவிக்கொண்டிருக்கிறாள். நகம் வெட்டியிருக்கிறாள். தங்களை மன்னித்துவிட்டாளா என்று நாங்கள் அவளைக் கேட்கவில்லை. சாம்பார்க் கரண்டியை அவள் கையில் கொடுத்துவிட்டோம்.

தாங்கள் நோயின்றி, கண்ணொளி மங்காமல், நெடுங்காலம் வாழ வேண்டும். ஆசிரியரும் உடன் அமர்ந்து உண்பார் என்று பாடம் சொன்னீர்கள். முதல் இலை போட்டாயிற்று. எழுந்து வந்து அமருங்கள்.

தங்களோடு பந்தியில் அமரும்,
ஆசிரியர்களும் சத்துணவுப் பணியாளர்களும்