சூரியனைக் காட்டிய அம்மா

“என் மகனுக்குக் காது கேக்காதாம். கூடவே எனக்கும் கேக்காதாம்!”

சிராங்கூன் ரோட்டில் எங்கள் டிராமில் ஏறிய பெண் இப்படிச் சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். மடியில் ஆறு வயசு மகன். பக்கத்தில் அவளுடைய அக்கா.

“யாருடி சொன்னது?”

“பள்ளிக்கூடத்துக்கு வந்த வெள்ளைக்கார டாக்டரு. காது மந்தமான பிள்ளைங்களைத் தனி பெஞ்சுல போடுறதுக்குச் சோதனை. பின்னால நின்னு பேர் சொல்லிக் கூப்பிட்டாரு. இவன் திரும்பல.”

“ஏன்?”

“இவனுக்கு வச்சது என் மாமனார் பேராச்சே! நான் எப்படி வாயால சொல்லுவேன்? வீட்டுல எல்லாருக்கும் இவன் ராசாதான்.”

“நீ போய்ச் சொல்லலியா?”

“போனேனே. ‘நீங்களே பேர் சொல்லிக் கூப்பிடுங்க’ன்னாங்க. வெக்கத்துல அந்தப் பேரு வாயில வரல. ஜன்னல் வழியா சூரியனைக் காட்டினேன். டாக்டரும் வாத்தியாரும் ஓடிப்போய் வெளிய எட்டிப் பாக்குறாங்கக்கா!”

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“தாயும் பிள்ளையும் செவிடுன்னு முடிவு கட்டிட்டாரு. எனக்கு அழுகையே வந்துருச்சு. ‘ராசான்னு கூப்பிடுங்கய்யா’ன்னு கும்பிட்டேன். அந்தத் தாடிக்கார டாக்டரு மெதுவா ‘ராசா’ன்னாரு. இவன் துள்ளித் திரும்பி, ‘என்னம்மா?’ன்னான்!”

“அப்ப பழைய பெஞ்சுதானே?”

“பழைய பெஞ்சேதான்!”

டிராமே சிரித்தது. பின்னாலிருந்த ஒருவர் பொறுக்கமாட்டாமல், பேரை ஊகித்து, “டேய், சூரியமூர்த்தி!” என்று உரக்கக் கூப்பிட்டார்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். பையன் மட்டும் வெளியே போன மாட்டுவண்டியை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.