சொட்டு மது இல்லாத மயான ஊற்று

…அதான் கேக்கறேன், ஒருத்தன் தப்பு பண்ணலைன்னா பண்ணலைன்னு சொல்ல வேண்டியதுதானே? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கான்? விசாரிக்க வந்த மூணு பெரியவங்க மேசைக்கு அந்தப் பக்கம் உக்காந்து, "வெண்டல், பானத்துல மது கலந்தது யாருப்பா?"ன்னு நேத்து கேக்கறாங்க. இவன் தன் ஷூவைப் பாத்துக்கிட்டு நிக்கறான். மௌனம் சம்மதம்தானே? நீங்களே சொல்லுங்க அக்கா.

அந்த வாஷிங் மிஷின் காலிதானே? விரிப்பைப் போட்டுக்கறேன். இது பீட்ரூட் சாறு, பயந்துடாதீங்க. ரத்தம்னு வச்சது. இந்த வெள்ளைப் போர்வையெல்லாம் ஹாலோவீன் விருந்துல பேய் வேஷக்காரங்க போத்திக்கிட்டது. கண்ணுக்கு ஓட்டை போட்ட போர்வையை இனிமே யாரு போத்திக்கப் போறா? ஆனாலும் தோய்க்கணும். விருந்துன்னா கூடறதுக்கு அறுபது பேர், தோய்க்கறதுக்கு ப்ரின். ப்ரின்ங்கறது நான்தான்.

மேட்டுமேல ஹார்ட்விக் மாணவர் விடுதி இருக்கே, அங்க இருக்கேன். ஆமா, அதேதான். குடிக்காதவங்க விடுதி. எல்லாரும் இப்படித்தான் ஒரு சிரிப்பு சிரிப்பாங்க, பரவால்ல. வாசல்ல கையெழுத்து போட்டுட்டுத்தான் பெட்டியையே உள்ள வைக்க முடியும். சொட்டு மது வந்தாலும் கொண்டுவந்தவன் வெளியே. பேச்சே கிடையாது. நானா விரும்பித்தான் சேந்தேன். போதையில பேசறவங்ககிட்ட வாதம் பண்ண முடியாதுக்கா. தோத்தாலும் தோத்தது தெரியாது அவங்களுக்கு. நமக்கு ஜெயிச்ச சுகமே இல்ல.

அப்படிப்பட்ட இடத்துல ஹாலோவீன்னா என்ன பண்ணுவோம்? பானம்தான் பண்ணுவோம். மத்த விடுதியில பீர் பீப்பாய் உருட்டுவாங்க, நாங்க கிண்ணத்தை வச்சுக்கிட்டு மானத்தைக் காப்பாத்தணும். வருஷா வருஷம் என்ன வைப்பாங்க தெரியுமா? எலுமிச்சை ஐஸ்கிரீமை வாளியில போட்டு, இஞ்சி சோடாவை ஊத்தி, பச்சையா நுரை பொங்குச்சுன்னா அதுக்குப் பேரு சூனியக்காரிக் கஷாயம். லிச்சிப் பழத்துக்குள்ள ப்ளூபெர்ரியைச் சொருகி, கண்ணுன்னு மிதக்க விடுவாங்க. எல்லாம் வெண்டலோட ஏற்பாடு. விடுதித் தலைவன் அவன்தான். மாடு மேய்க்கற ஊர்லேந்து வந்தவன். பேச்சுல அவனுக்கும் மாட்டுக்கும் ரொம்ப வித்தியாசம் கிடையாது.

இந்த வருஷம் நான் சொல்லிட்டேன். இந்த இலையுதிர் காலத்துல, சுத்துப்பட்டுல இத்தனை ஆப்பிள் தோட்டம் இருக்கறப்ப, சாயம் போட்ட சோடாவைக் குடிக்கறது வெக்கம். நல்ல, பழுப்பா, கலங்கலா, அன்னிக்குப் பிழிஞ்ச ஆப்பிள் சாறு வைப்போம். கடையில விக்கற மாதிரி சூடு பண்ணிக் கொன்ன சாறு இல்ல, பச்சையா, உசிரோட இருக்கற சாறு. வெண்டல் என்ன சொன்னான்? "ப்ரின், சூடு பண்ணினதே வாங்கிடலாமே, பத்திரம்"னான். பத்திரமாம். ஹாலோவீனுக்கு யாராவது பத்திரத்தைத் தேடுவாங்களா? கூட்டத்துல பேசினேன் பாருங்க… அரைமணி நேரம். கடைசியில எல்லாரும் கையைத் தூக்கிட்டாங்க. சாப்பாட்டு நேரம் வந்துடுச்சுன்னு தூக்கினாங்கன்னு எங்க விடுதி ஓடெட் சொல்லுவா. அவ பேச்சை விடுங்க, அவ பூசணிக்காய்.

இல்லக்கா, வேஷம். பூசணிக்காய் வேஷம் போட்டிருந்தா. அவளாலதான் விஷயமே வெளிய வந்துச்சு. வரேன், வரேன்.

நானே தோட்டத்துக்குப் போயி, ஜாடி ஜாடியா வாங்கிட்டு வந்தேன். கடைசி நேரத்துல போனா கிடைக்காதுன்னு ரெண்டு வாரம் முன்னாடியே வாங்கியாச்சு. முன்யோசனை. ஜாடில ஏதோ பொடி எழுத்துல சீட்டு ஒட்டியிருந்துச்சு, அசிங்கமா. அதைக் கிழிச்சுப்புட்டு நானே மண்டையோடு வரைஞ்சு, 'மயான ஊற்று'ன்னு எழுதி ஒட்டினேன். ராத்திரி முழுக்க உக்காந்து வரைஞ்சது. ஒரு ஆள், ஒரே ஒரு ஆள் நல்லா இருக்குன்னு சொன்னானா? வெண்டல் சொன்னான். அவன் சொன்னா அது கணக்குல வராது, அவன் எல்லாத்தையும் நல்லா இருக்குன்னுதான் சொல்லுவான்.

ஃப்ரிட்ஜ்ல வைக்க இடம் எங்கருக்கு? உள்ள பூரா என் கைகள். ரப்பர் கையுறைல தண்ணி நிரப்பி உறைய வச்சு, உறையை உரிச்சா வெட்டின கை மாதிரியே ஐஸ். கிண்ணத்துல மிதக்க விடறதுக்கு. விரல் ஒடிஞ்சு ஒடிஞ்சு போகுது, அதனால நிறைய பண்ண வேண்டியதாப் போச்சு. கீழ்த் தட்டுலயும் நாளுக்கு நாலு கை குளிர வச்சிருந்தேன். "ஜாடியை உள்ள வச்சுட்டு கையைக் கொஞ்சம் எடுக்கலாமா"ன்னு வெண்டல் கேட்டான். கை முக்கியமா, ஜாடி முக்கியமான்னு கேட்டேன். பதில் இல்லாதவன் கேள்வி கேக்கக் கூடாது. ஜாடியை சமையல்கட்டுச் சின்ன அறையில, ஹீட்டருக்கு மேல பலகை இருக்கே, அதுல அடுக்கிட்டேன். கைக்கெட்டற இடம், வெதுவெதுன்னு இருக்கும்.

என்னக்கா அப்படிப் பாக்கறீங்க? உங்க மிஷினா? இன்னும் சுத்துது, சுத்துது. குழந்தைத் துணிதானே, நிதானமாத்தான் சுத்தும்.

அந்தச் சாறு இருக்கே… நாளாக நாளாகச் சுவை ஏறிச்சு. சத்தியமா. கடைசி வாரத்துல மூடியைத் தொறந்தா புஸ்ஸுன்னு ஒரு மூச்சு. நாக்குல முள்ளு முள்ளா குத்துது. நான் சொன்னேன், பாருங்கடா, இயற்கையே சோடா போட்டுக் குடுக்குது, உங்க இஞ்சி சோடாவைத் தூக்கிப் போடுங்கன்னு. ஒருநாள் ராத்திரி ஒரு மூடி தானா தெறிச்சு, கூரையில பட்டு விழுந்துச்சு. பேய் வந்துடுச்சுன்னு விடுதியே சிரிச்சுது. வெண்டல் மட்டும் சிரிக்கல. மோந்து பாத்தான். "ப்ரின், இதைக் கொட்டிடலாம்"னான். பாருங்க பொறாமையை. கொட்டணுமாம். நான் வாயைத் தொறந்தேன், அவன் போயிட்டான்.

இனிப்புதான் கொஞ்சம் குறைஞ்சிருந்துச்சு. மேப்பிள் பாகு ஊத்தி, பட்டை, கிராம்பு தட்டிப் போட்டு, பெரிய கிண்ணத்துல விட்டு, நடுவுல கையை மிதக்க விட்டு, பீட்ரூட் சாறை நூல் மாதிரி ஊத்தினேன். புகை விடற ட்ரை ஐஸ் கட்டி வேற கீழ வச்சிருந்தோம், வெள்ளையாப் புகை மேசை மேல தவழுது. எங்க மாணவர் பொறுப்பாளர் அம்மா, திருமதி ஆஸ்குட், மூக்குக் கண்ணாடிக்கு மேல வவ்வால் ஒட்டிக்கிட்டு வந்தாங்க. ஒரு கப் குடிச்சாங்க. "மது இல்லாமலே இவ்வளவு களையா"ன்னாங்க. இன்னொண்ணு கேட்டாங்க. மூணாவதுல, பிரிஞ்சு போன புருஷனைப் பத்தி எலும்புக்கூட்டு வேஷக்காரன்கிட்ட சொல்ல ஆரம்பிச்சாங்க. நல்ல பானம்னா மனசு தொறக்கும்னு நான் நெனச்சுக்கிட்டேன்.

அப்புறம் ஓடெட். பூசணிக்காய் உருண்டு போயி வேலிக்குள்ள மாட்டிக்கிச்சு. காவல்காரர் இழுத்து வெளிய எடுத்து, குடிச்சிருக்காளான்னு பாக்கற குழாயை வாயில வச்சு ஊதச் சொன்னா, கருவி கத்துது. சாகற வரைக்கும் ஒரு சொட்டு தொடமாட்டேன்னு வேதப் புத்தகம் மேல சத்தியம் பண்ணின பொண்ணு. கிண்ணத்தை சோதிச்சாங்க. மது. அவ்வளவுதான், விளக்கெல்லாம் போட்டாச்சு, பாட்டு நின்னுடுச்சு, பேய்ங்க எல்லாம் போர்வையைக் கழட்டிட்டு அழுவுதுங்க.

நேத்து விசாரணையில யாரு கலந்ததுன்னு கேட்டாங்க. நான் எழுந்தேன். நான் கண்ணால பாத்ததைச் சொன்னேன். விருந்துக்கு நடுவுல ஒரு தடவை வெண்டல் கிண்ணத்துகிட்ட குனிஞ்சு, கையில பாட்டிலோட நின்னான். ஊத்தினான். அதுக்கப்புறம் சமையல்கட்டுல, என் ஜாடியைத் தலைகீழா கவுத்துப் பிடிச்சுக்கிட்டு நின்னான். தடயத்தை மறைக்கறான்னு சொன்னேன். அவன் ஒரே ஒரு வாக்கியம் சொன்னான்: "விடுதித் தலைவன் நான், பானம் என் பொறுப்பு." அவ்வளவுதான். ஒப்புக்கிட்ட மாதிரிதானே?

இன்னொண்ணும் சொன்னேன். அது… அவங்க அப்பா பெரிய குடிகாரர். எல்லாருக்கும் தெரியும், அவனே ஒருநாள் சொன்னதுதான், அதனாலதான் இந்த விடுதிக்கே வந்தானாம். ரத்தத்துல இருக்கறது எங்க போகும்னு கேட்டேன். வாதத்துக்கு வலு சேக்கத்தான் கேட்டேன். அப்பத்தான் அவன் ஷூவைப் பாக்க ஆரம்பிச்சது.

இன்னிக்கு மதியம் முடிவு. அவனை அனுப்பிடுவாங்க. விடுதித் தலைவனுக்குத்தான் வாடகையில்லாம அறை. அறை போனா கல்லூரியும் போச்சு, திரும்பவும் அந்த அப்பன் வீடுதான். பாவமாத்தான் இருக்கு, ஆனா நியாயம்னு ஒண்ணு இருக்கே. நான்தான் முக்கிய சாட்சி.

அக்கா, ஒரு உதவி பண்ணுங்களேன். கல்லூரி வாதக் குழுவுல இருக்கேன், போட்டிக்கு முன்னாடி நாங்க ஒண்ணு செய்வோம். எதிராளி பக்கம் நின்னு நாமளே பேசிப் பாக்கறது. ஓட்டை எங்கருக்குன்னு தெரிஞ்சுடும். நான் வெண்டலுக்காகப் பேசறேன். நீங்க நீதிபதி. சும்மா கேட்டுக்கிட்டு இருந்தாப் போதும், இவ்வளவு நேரம் இருந்த மாதிரியே.

சரி. மதிப்புக்குரிய பெரியவங்களே. என் கட்சிக்காரர் கையில பாட்டில் இருந்துச்சு. எந்தப் பாட்டில்? பச்சை. இஞ்சி சோடா. அதை சாட்சியே அடையாளம் சொல்லுவாங்க, அதைத் தூக்கிப் போடச் சொன்னதே அவங்கதான். அப்ப அவர் கலந்தது சோடா. கிண்ணத்துல ஏற்கெனவே இருந்த எதையோ நீர்க்க வைக்கப் பாத்திருக்கார். நல்ல பாயிண்ட். சும்மா சொல்லக் கூடாது, இது நல்ல பாயிண்ட்.

அடுத்தது. ஊரையே மயக்க நெனக்கிறவன், மயக்கற சரக்கைச் சாக்கடையில கொட்டுவானா? ஜாடி கவுந்திருந்துச்சு. அவர் கொட்டினார். விருந்து ராத்திரி மட்டும் இல்ல, அதுக்கு முந்தியே கொட்டச் சொன்னார். ஏன் கொட்டச் சொன்னார்? மோந்து பாத்தார். மூடி தெறிச்சுது. மூடி ஏன் தெறிக்கும்? பேய்ங்கறதை நீதிமன்றம் ஏத்துக்காது. உள்ள ஏதோ பொங்குச்சு. இனிப்பு ஏன் குறைஞ்சுது? சர்க்கரை எங்க போச்சு? சர்க்கரை காணாம போயி, காத்து வந்து, நாக்குல முள்ளு குத்தி…

…உசிரோட இருக்கற சாறு. ரெண்டு வாரம். ஹீட்டர் மேல.

இருங்க. ஒரு நிமிஷம் இருங்க அக்கா.

முதல் வருஷப் பாடத்துல இது வருது. ஈஸ்ட்டு. சர்க்கரையைத் தின்னுட்டு அது காத்தையும் மதுவையும் விடும்னு பரீட்சையில எழுதி முழு மார்க் வாங்கியிருக்கேன். சூடு பண்ணினா செத்துடும், அதான் பத்திரம்னு… அந்தச் சீட்டுல பொடி எழுத்துல என்ன எழுதியிருக்கும்? குளிர்ல வைன்னுதான் எழுதியிருக்கும். அதைக் கிழிச்ச இடத்துலதான் நான் மண்டையோட்டை ஒட்டினேன்.

சாட்சி? சாட்சியோட நிலைமை என்ன? எத்தனை கப் குடிச்சாங்க? எண்ணல. விருந்துல மேசை மேல ஏறி நின்னு பேசினாங்க. அப்ப யாரும் எதிர்த்துப் பேசல, எல்லாரும் கை தட்டினாங்க, அதனால நான் தெளிவா இருக்கேன்னு நெனச்சுக்கிட்டேன். மறுநாள் காலையில, வந்தவங்க கழட்டிப் போட்ட கோட்டுக் குவியல் மேலேந்துதான் எழுந்தேன். போதையில பேசறவங்களுக்குத் தோத்தது தெரியாது.

சிரிச்சீங்களா? சிரிங்க, சிரிங்க. உரிமை இருக்கு.

அப்ப அவனுக்குத் தெரியும். மோந்து பாத்தப்பவே தெரியும். கொண்டுவந்தவன் வெளியேன்னா, வெளிய போக வேண்டியது நான். அதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சுது. சொல்லல. அவங்க அப்பாவை நான் இழுத்தப்பவும் சொல்லல.

யாரைக் கேட்டு? இல்ல, நான் கேக்கறேன், யாரைக் கேட்டு இவன் என்னைக் காப்பாத்தறான்? நான் கேட்டேனா? எதிர்ல நிக்கறவளுக்கு உண்மையைத் தாங்கற தெம்பு இல்லைன்னு இவனா முடிவு பண்றது எவ்வளவு பெரிய திமிர் பாருங்க. வாதத்துல தோக்கறது கூட என் உரிமை. அதைக் கூட எனக்குக் குடுக்காம ஷூவைப் பாத்துக்கிட்டு நின்னிருக்கான். இவனை இப்படியே விட முடியாது அக்கா. நான் போயி பேசப் போறேன். அவனுக்காகத்தான். அவன் வேண்டாம்னு தலையாட்டினாலும் பேசுவேன்.

துணி? ஈரமாவே இருக்கட்டும். நீங்க எடுத்து வெளிய வச்சுடுங்க, ஓட்டை போட்ட போர்வையை யாரும் தூக்கிட்டுப் போக மாட்டாங்க. நேரமாச்சு. மழை வேற தூறுது, ஓடணும்.

விடுதியில என் இடம் போகும். தெரியுது. ஆனா ஒண்ணு சொல்றேன், இந்தக் கேஸ்ல நான் தோக்க மாட்டேன். எதிர்த்தரப்புல நிக்கப் போற முக்கிய சாட்சியை எனக்கு நல்லாத் தெரியும், பேச்சுல கெட்டிக்காரிதான், இல்லைங்கல. ஆனா இன்னிக்கு அவளை ஒரு வார்த்தை பேச விடமாட்டேன்.