லோரிக்கு வழி தெரியும்

படம் ஒன்று கேட்டிருந்தீர்கள், இதனுடன் வைத்திருக்கிறேன். தானா ராத்தா டவுன் ஸ்டூடியோவில் எடுத்தது. தும்மல் வரப்போகிற நேரமாகப் பார்த்துப் படக்காரர் பொத்தானை அழுத்திவிட்டார். ஏதோ பெரிதாக யோசிக்கிற மாதிரி இருக்கிறது என்று என் மனைவி செல்லம் சொல்கிறாள். எழுத்தாளன் படம் அப்படித்தானே இருக்க வேண்டும், ஆகவே அதையே போட்டுவிடலாம்.

வாசகர் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலருக்குக் 'கதை பிறந்த கதை' என்று இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னீர்கள், திருச்செல்வம் சார். வட்டத்தில் பரிசு வாங்கிய கதை என்னுடையது ஒன்றுதான். வேறு வழியில்லாமல் என்னைக் கேட்டிருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். ஆலை இல்லாத ஊரில் நான்தான் இலுப்பைப்பூ. உள்ளதை உள்ளபடி எழுதுங்கள், புதியவர்களுக்குப் பயன்படும் என்றீர்கள். உள்ளதை உள்ளபடி எழுதுவது ஒன்றுதான் எனக்கு வரும்.

மலர் படிக்கிற எல்லோருக்கும் என்னைத் தெரிந்திருக்காது. பெயர் அமிர்தலிங்கம். தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் இரண்டாவது கிராணி. முப்பது ஆண்டுகளாக ஒரே நாற்காலியைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்குக் கற்பனை கிடையாது. சிறு வயதில் யாராவது நரிக்கதை சொன்னால், அந்த நரி எந்த ஊர் என்று கேட்பேனாம். எதையும் கண்ணால் பார்த்தால்தான் எனக்கு எழுத வரும். இப்படிப்பட்டவனுக்குக் கதை எழுத ஆசை வந்தது பாருங்கள். மொட்டையன் சீப்பு வாங்கிய மாதிரிதான்.

எழுபத்தெட்டில் நீங்கள் ஞாயிறுதோறும் பள்ளி மண்டபத்தில் சிறுகதை வகுப்பு நடத்தினீர்கள். என்னைவிடப் பதின்மூன்று வயது இளையவர், ஆனாலும் கரும்பலகைக்கு முன்னால் நின்றால் தனிக் களை. கதைமாந்தர், களம், கரு, சிக்கல், உச்சம், முடிவு என்று எழுதிப் போட்டீர்கள். நான் அதை அடிக்கோல் வைத்துக் கோடு கிழித்துப் பேரேட்டில் எழுதுவது போல் எழுதிக்கொண்டேன். பிறகு மூன்று கதைகள் எழுதிக் கொடுத்தேன். மூன்றாவதைத் திருப்பித் தரும்போது நீங்கள் சொன்னது நினைவிருக்கிறதா? "ஐயா, உங்க கதையில எல்லாரும் நல்லவங்க. எல்லாரும் தேத்தண்ணி குடிக்கிறாங்க, அப்புறம் வீட்டுக்குப் போயிடுறாங்க. சிக்கல் எங்க?" வகுப்பு சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். அன்று வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த வாரம் எனக்காகவே போல ஒரு பாடம் நடத்தினீர்கள். ஒருவனுக்கு ஒன்று வேண்டும், அவன் வழியில் ஒரு கல்லைப் போடுங்கள், அதுதான் கதை என்றீர்கள். மனிதனோடு மனிதன் மோதலாம், ஊரோடு மோதலாம், இயற்கையோடு மோதலாம், தனக்குள்ளேயே தன்னோடு மோதலாம். கடைசியாக ஒன்று சொன்னீர்கள். எழுதி முடித்ததும் ஒவ்வொரு வரியாக எடுத்துப் பாருங்கள். எடுத்த பிறகும் கதை நின்றால் அந்த வரி வேண்டியதில்லை. இதை நான் சிவப்பு மையில் எழுதிக்கொண்டேன்.

எங்கள் தோட்டத்தில் ஒன்றுக்காக ஏங்கிக்கொண்டிருந்தவன் இருளப்பன். கொழுந்து ஏற்றும் லோரி ஓட்டுபவன். அவன் மனைவி நீலா கொழுந்து பறிப்பவள். கல்யாணமாகி ஒன்பது வருடம், பிள்ளை இல்லை. ஆனாலும் இருவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். கதைக்கு உதவாத குடும்பம்.

நான் ஒரு மொட்டைக் கடிதம் எழுதினேன். உன் கூட்டாளி தங்கையா உன்னை மலடன் என்று லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லித் திரிகிறான் என்று இடது கையால் எழுதி, அவன் வீட்டுக் கதவிடுக்கில் செருகினேன். இரண்டு பேரும் மோதிக்கொண்டால் முதல் வகைச் சிக்கல் கிடைத்துவிடும். இதில் நான் ஒன்றை மறந்துவிட்டேன். இருளப்பனுக்கு எழுத்து வாசனையே கிடையாது. லயத்தில் யாருக்குக் கடிதம் வந்தாலும் படித்துக் காட்டுவது கிராணி வேலை. நீலாவுக்குத் தமிழ் படிக்க வரும், ஆனால் அவள் அப்போது மலையில் இருந்தாள். காலையில் நான் வைத்த கடிதம் பத்து மணிக்கு என் மேசைக்கே வந்து சேர்ந்தது.

என் கடிதத்தை நானே ஏற்ற இறக்கத்தோடு படித்துக் காட்டினேன். இருளப்பன் கேட்டுவிட்டு வெளியே போய்த் தங்கையாவைக் கூட்டி வந்தான். "இன்னொருக்கா படிங்கய்யா, இவனும் கேக்கட்டும்." மறுபடி படித்தேன். தங்கையா விழுந்து விழுந்து சிரித்தான். "எவனோ வேலை வெட்டி இல்லாதவன்லா," என்றான். இருளப்பன் என் பக்கம் குனிந்து, "யாருகிட்டயும் இன்னும் சொல்லலைங்கய்யா. நீலா முழுகாம இருக்கா. மூணு மாசம்," என்றான். நான் பேனாவை மூடி வைத்தேன். ஏங்கியது கிடைத்துவிட்டால் அப்புறம் ஏது கதை?

உங்களிடம் வந்து, மனிதனோடு மனிதன் மோதுவது எனக்குச் சரிப்படவில்லை சார் என்றேன். நீங்கள் என் தோளைத் தட்டினீர்கள். "மலையில இருக்கீங்க, மழை கொட்டுது. இயற்கைய வச்சு எழுதிப் பாருங்களேன், ஐயா." உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நல்ல யோசனைதான்.

எழுபத்தொன்பது டிசம்பர் மழையை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். பத்து நாள் விடாமல் பெய்தது. அப்படி ஒரு காலையில் இருளப்பன் கையில் ஒரு சீட்டோடு ஆபீஸ் சன்னலுக்கு வந்தான். மேனேஜர் துரை பங்களாவிலிருந்து தோட்டக்காரர் கொடுத்தது. துரை ஈப்போவுக்குப் புறப்படும் அவசரத்தில் ஆங்கிலத்தில் இரண்டு வரி கிறுக்கியிருந்தார். முதல் வரி: மேல் மலைக் கொழுந்தை மூன்று மணிக்குள் ஃபேக்டரியில் சேர்க்கவும். இரண்டாவது வரி: மேல் ரோட்டில் வளைவுக்குப் பக்கத்தில் மண் வெடித்திருக்கிறது, அதில் போக வேண்டாம், கீழ் ரோட்டைச் சுற்றி வரவும்.

நான் முதல் வரியைப் படித்துக் காட்டினேன்.

"ரோட்டப் பத்தி ஒண்ணும் போடலையாங்கய்யா?" என்று கேட்டான். "மழை இப்படி ஊத்துதே. நீலாவுக்கு ஏழு மாசம் ஆவுது. அதான் பயந்து பயந்து ஓட்டுறேன்."

"ஒண்ணும் இல்லப்பா," என்றேன்.

அவன் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான்.

என்னைத் தவறாக நினைத்துவிடாதீர்கள். நான் அவனைக் கொல்ல நினைக்கவில்லை. முடிவுகூட யோசித்து வைத்திருந்தேன். லோரி சேற்றில் மாட்டிக்கொள்ளும். அவன் அதை விட்டுவிட்டு நனைந்துகொண்டே நடந்து வருவான். மனைவி வாசலில் நின்று தவித்துக்கொண்டிருப்பாள். இருட்டுவதற்குள் வந்துவிடுவான், அவள் அழுதுகொண்டே சுடுதண்ணீர் வைப்பாள். நல்ல முடிவு. மறுநாள் துரை கேட்டால், சீட்டில் அந்த வரியைக் கவனிக்கவில்லை என்று திட்டு வாங்கிக்கொள்வதாக இருந்தேன். ஒரு கதைக்காக அந்த அளவு கஷ்டப்படத்தான் வேண்டும். பிள்ளையார் பிடிக்கத்தான் உட்கார்ந்தேன்.

எனக்குப் பார்த்துத்தான் எழுத வரும் என்றேன் அல்லவா? ஆகவே மூன்று மணிக்குக் குடையை எடுத்துக்கொண்டு நீலா வீட்டுக்குப் போனேன். பிறக்கப்போகும் பிள்ளைக்குப் பதிவுப் பாரம் நிரப்புவது பற்றிச் சொல்ல வந்ததாகச் சொன்னேன். என்னை உட்கார வைத்து, சர்க்கரை தூக்கலாகப் போட்டுத் தேத்தண்ணி கொடுத்தாள். மூன்றரைக்கு ஒருமுறை வாசலைப் பார்த்தாள். நான்கு மணிக்கு முந்தானை நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள். "என்னாங்கய்யா, இன்னும் காணோம்?" என்றாள். "வந்துடுவான்மா, மழைதானே," என்று சொல்லிவிட்டு, முந்தானை விஷயத்தை மனதில் குறித்துக்கொண்டேன். கதையின் இரண்டாம் பத்தியில் அது வருகிறது. யதார்த்தம் என்று நடுவர்கள் பாராட்டியது அந்த இடத்தைத்தான்.

நான்கரைக்குத் தங்கையா ஓடி வந்தான். அவன் கால் முழுக்கச் சேறு. வாசலில் நின்றுகொண்டு பேச வராமல் என்னையே பார்த்தான். சொல்ல வேண்டியதை நான்தான் நீலாவிடம் சொன்னேன். படித்துக் காட்டுவது கிராணி வேலைதானே.

மறுநாள் மதியம் மேல் ரோட்டில் சரிந்து கிடந்த மண்ணைத் தோண்டி அவனை எடுத்தார்கள். சட்டைப் பையில் சீட்டு இருந்தது. ஈரம்தான், ஆனால் எழுத்து அழியவில்லை. துரை அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். இவனுக்கு இதைப் படித்துக் காட்டினாயா என்றார். காட்டினேன் என்றேன். முழுதுமா? முழுதும். அப்புறம் ஏன் அந்த வழியில் போனான் என்றார்.

நான் வாயைத் திறந்தபோது என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. "லோரிக்கு வழி தெரியும்னு சொல்லிச் சிரிச்சான், துரை," என்றேன்.

நாற்பத்திரண்டு வருடமாக வராத கற்பனை அந்த ஒரு நொடியில் வந்தது. வாழ்க்கையில் நானாகப் படைத்த முதல் வரி அது. சுற்றி நின்றவர்கள் தலையை ஆட்டினார்கள். தங்கையாகூட, "சொல்லக்கூடியவன்தான்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். நீலா மட்டும் கேட்டாள். "மேல் ரோடு வேணாம்னு நீங்க படிச்சீங்களாய்யா?" படிச்சேன்மா என்றேன். "வயித்துல புள்ளய வச்சிக்கிட்டு நான் இருக்கேன்னு தெரிஞ்சும் சிரிச்சாரா?" அந்த இடத்தில் மௌனம்தான் பொருந்தும் என்று பட்டது.

எச்சரித்தும் கேளாமல் போனார் என்று ஆபீஸ் கோப்பில் எழுதப்பட்டது. எழுதியது நான்தான், கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் அந்த வேலையெல்லாம் எனக்குத்தான் வரும். நீலா கோலா தெர்லாவில் காய்கறித் தோட்டம் போட்டிருந்த அண்ணன் ஆண்டியப்பன் வீட்டுக்குப் போனாள். நான் இரண்டே நாளில் கதையை முடித்தேன். பத்திரிகையின் ஞாயிறு பதிப்புப் போட்டியில் முதல் பரிசு கிடைத்தது உங்களுக்குத் தெரியும். பரிசாகக் கொடுத்த சுவர்க் கடிகாரம் பத்து நிமிடம் பின்தங்கி இன்னும் ஓடுகிறது. தலைப்பாகவும் அமைந்துவிட்ட அந்த ஒரு வரிக்கே பரிசு கொடுக்கலாம் என்று மண்டபத்தில் எழுந்து நின்று சொன்னீர்கள். அன்று எனக்கு வயிறு நிறைந்தது.

போன மாதம் தானா ராத்தா பஸ் நிலையத்தில் நீலாவைப் பார்த்தேன். கூட எட்டு வயதுப் பெண், பெயர் பத்மா. அப்பன் முகத்தை அப்படியே உரித்து வைத்திருந்தது. நலம் விசாரித்தேன். நீலா பையைத் திறந்து, பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்த பத்திரிகைத் துண்டு ஒன்றைக் காட்டினாள். என் கதை. மடிப்புகளில் எழுத்து தேய்ந்துபோயிருந்தது.

"அவரு கடைசியா பேசுனது இதுல இருக்குல்லய்யா. அதான் வச்சிருக்கேன்," என்றாள். "படிக்கிறப்பல்லாம் கோவம்தான் வருது. எங்க ரெண்டு பேரையும் ஒரு நிமிஷம் நெனச்சிருந்தா அந்த ரோட்டுல போயிருப்பாரா? இவகிட்டயும் அதான் சொல்லி வளக்கறேன். ஒங்கப்பன் மாதிரி சொல்பேச்சுக் கேக்காம இருக்காதேன்னு."

அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்தது. இருளப்பன் ரோட்டைப் பற்றிக் கேட்டான், இவளை நினைத்துத்தான் கேட்டான் என்று சொல்ல ஒரு நிமிடம் கூட ஆகியிருக்காது. பஸ் வர இன்னும் பதினைந்து நிமிடம் இருந்தது. நான் பிள்ளைக்கு ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். பழைய காயத்தைக் கிளறுவது நாகரிகம் இல்லை.

புதியவர்களுக்குச் சொல்ல ஒன்று பாக்கி இருக்கிறது. நீங்கள் சொன்ன வகைகளில், ஒருவன் தனக்குள்ளேயே மோதிக்கொள்கிற கதை மட்டும் எனக்கு இன்றுவரை எழுத வரவில்லை. பார்த்தால்தானே எழுதலாம்? நான் நன்றாகத்தான் இருக்கிறேன். தேத்தண்ணியில் சர்க்கரை போட்டால் தொண்டையில் இறங்குவதில்லை, அது வயது. மழை பெய்தால் குடையோடு மேல் ரோட்டு வளைவு வரை போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவேன். டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார். வெயில் நாளில் நடந்தால் ஆகாதா என்று செல்லம் கேட்கிறாள். அவளுக்கு நடைப்பயிற்சியைப் பற்றி என்ன தெரியும்?

எழுதி முடித்துப் பார்த்தால், நீங்கள் கேட்ட இரண்டு பக்கம் ஐந்தாகிவிட்டது. குறைக்க வேண்டுமென்றால் ஒரு யோசனை சொல்கிறேன். மலரை ஆண்டியப்பனும் வாங்குவார், நீலா கைக்குப் போகும், அவளுக்குத் தமிழ் படிக்க வரும். அவள் மனம் நோகக்கூடாது. ஆகவே அந்தச் சீட்டு வருகிற இடங்களை மட்டும் எடுத்துவிடுங்கள், சார். நான் எடுத்துவிட்டு ஒருமுறை படித்துப் பார்த்தேன். கதை நிற்கிறது.