துணி கட்டிய சுரைக்காய்

ஐப்பசித் தூறலில், நாமக்கல் ரேஷன் கடை வரிசை வெகுநேரமாக நகரவில்லை. எனக்கு முன்னால் நின்ற இரண்டு பெண்களில் இளையவள் சொன்னாள்: "வெதைக்குன்னு காம்போரத்துக் கொடியில துணி கட்டி உட்டிருந்த சுரைக்காயப் பறிச்சு நேத்துக் கொழம்பு வெச்சுட்டனுங்க்கா."

மூத்தவள் திரும்பவில்லை. "அது கொடியிலயே முத்திக் காயோணும் சாமி. அப்பத்தான் வர்ற ஆடிக்கு நட வெத கெடைக்கும்."

"தெரியுமுங்க. ஊட்டுல வேற ஒண்ணுமில்லீங்க."

"வேற பிஞ்சு இருந்தா அதுல கட்டி உடு."

"பிஞ்செல்லாம் மழையில அழுகிப்போச்சுங்க. உங்கூட்டுக் கொடியிலயும் துணி பார்த்தனுங்களே. எனக்கு நாலு வெத குடுங்க."

வரிசை ஓரடி நகர்ந்தது. இருவரும் நகர்ந்தார்கள்.

"காயப் போன வாரமே ஆக்கித் தின்னாச்சு," என்றாள் மூத்தவள். "துணியத்தான் அவுக்க மனசு வரல."