மாதம் ஒரு கால் சுற்று

“ஏம்ப்பா, நல்லா இருக்கற வண்டிய நீயே திருகிக் கெடுத்துட்டு, அப்புறம் எதுக்கு கருப்புசாமி பெரியப்பாகிட்ட ரிப்பேருக்குக் கொண்டு போற?”

போன மாதம் மகள் காவேரி கேட்ட இந்தக் கேள்விக்கு லிங்கப்பன் இன்னும் பதில் சொல்லவில்லை. விஜயநகர் வீட்டு வாசலில், அந்தப் பழைய இரட்டை சிலிண்டர் வண்டியின் பக்கத்தில் நின்றபோதுதான் மெக்கானிக் கருப்புசாமியின் போன் வந்தது.

“அலோ... சொல்லுங்ணா... ஹௌது, ஆமாங்க, வண்டிகிட்டதான் நிக்கறேன்... நடுக்கமா? இருக்குதுங்க, லேசா...

“வண்டியோட ஸ்பேர் சாவியா? குடுத்தனுப்ப வேண்டாம், உங்ககிட்டயே இருக்கட்டும்... என்னது? கடைய மூடறீங்களா? ஏனுங்ணா?... அத்தனை சாமானுமா!... ஆட்டோவுல ஏத்தறாங்களா?... இருங்க, இருங்க. உங்க கை போயிருச்சுன்னு ஆரு சொன்னா?... என் வண்டியா? என் வண்டி எப்பங்க சொல்லுச்சு!

“ஆமா... ஆமா. ஆறு மாசம், ஆறு தடவை. ரெண்டு கார்புரேட்டரும் ஒண்ணா மூச்சு இழுக்கற மாதிரி வெச்சுக் குடுப்பீங்க. நாலே நாள்ல ஒண்ணு முந்தும், ஒண்ணு பிந்தும்... அது உங்க கையால இல்லீங்ணா... பெட்ரோலு... ஆ, கலப்படம்... ரோடும் மோசம்... அட, எனக்கென்ன தெரியும்!

“வேற ஆளா? ஐயோ, வேற ஆருகிட்டயும் போகமாட்டேன்... அண்ணா... அழறீங்களா?

“காவேரி, உள்ள போ கண்ணு... போகமாட்டாளாம். என்னையே பாத்துட்டு நிக்கறா.

“அண்ணா, ஆட்டோவ ஒரு நிமிசம் நிறுத்தச் சொல்லுங்க... சொல்லுங்க மொதல்ல... நிறுத்தியாச்சா? சரி. மாதேஸ்வரன் சாமி மேல சத்தியமா சொல்றேன்... நான்தான். நான்தான் திருகினேன்... ரெண்டு கார்புரேட்டருக்கும் நடுவுல இருக்குதே, ரெண்டையும் ஒண்ணா இழுக்க வெக்கற அந்த ஸ்க்ரூவ. மாசம் ஒரு கால் சுத்து... வெளையாட்டுக்கு இல்லீங்ணா! கை ஒடிஞ்சு, கட்டுப் பிரிச்சு வந்து உக்காந்தீங்க, கடைக்கு ஒரு வண்டி வரலை. சும்மா குடுத்தா ஒரு டீ வாங்கமாட்டீங்க. வேலை குடுத்தா வாங்குவீங்கன்னு...

“ஹௌது... தப்புதான்... ஹௌது... பிச்சைன்னு மட்டும் சொல்லாதீங்ணா... திட்டுங்க. நல்லாத் திட்டுங்க. ஆனா கை போகலை. ஒவ்வொரு தடவையும் வண்டி உங்ககிட்டருந்து வந்தவுடனே, ஒத்த ரூபாக் காசை டேங்க் மேல விளிம்புல நிக்க வெச்சு, எஞ்சினை ஓட விட்டுப் பாத்திருக்கேன். ஆறு தடவையும் விழலை. அப்புறம் நான் திருகினேன், விழுந்துச்சு...

“அண்ணா?... இருக்கீங்களா?... கருப்பண்ணா?”

இணைப்பு அறுந்திருந்தது. காவேரி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நடுங்கும் வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு, குடும்பத்தோடு பஸ்ஸில் ஸ்ரீரங்கப்பட்டணம் போய் ரங்கநாதரைச் சேவித்தார் லிங்கப்பன். பகல் இரண்டு மணிக்குத் திரும்பியபோது வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. ஆனால் டேங்க் மேல் ஓர் ஒற்றை ரூபாய் நாணயம் கிடந்தது.

அவர் வண்டியைக் கிளப்பினார். இரண்டு சைலன்சர்களுக்கும் பின்னால் உள்ளங்கைகளை நீட்டினார். இரண்டிலும் ஒரே மூச்சு. நாணயத்தை டேங்க் மேல் நிறுத்தி வைத்தார். அது நின்றது.

குனிந்து பார்த்தார். நடு ஸ்க்ரூவின் தலையில் சிவப்புப் பெயிண்ட் ஒரு பொட்டுப் போல வைக்கப்பட்டிருந்தது. இனிக் கால் சுற்றுத் திருகினாலும் அது உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். விரலால் தொட்டார்; இன்னும் காயவில்லை.

தெருவில் ஒருவரும் இல்லை.