ஒன்பதாம் வளைவில் நான் இருந்த இருக்கை

பெயர் பிச்சைக்கனி, வயது 24, தகப்பனார் பெயர் சுடலைமணி, சொந்த ஊர் சாத்தான்குளம். தற்போது திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் ஒரு மாடி அறையில் குடியிருக்கிறேன். கிள்ளிப்பாலத்தில் தாணுலிங்கம் என்பவரின் பட்டறையில் கார் மெக்கானிக். மலையாளம் பேசுவேன், படிக்க வராது. ஆகவே நான் தமிழில் சொல்ல, காவலர் ஜெஸ்லின் எழுதுகிறார். இன்று காலை நான் கொடுத்த முதல் வாக்குமூலம் பொய்.

நேற்றுக் காலை ஏழு மணிக்கு எங்கள் வாடிக்கையாளர் சுமந்த், காரின் பின்பக்கம் ஏதோ சத்தம், கூட வந்து கேள் என்று என்னை ஏற்றிக்கொண்டு வித்துரா வழியாகப் பொன்முடி மலைக்குப் புறப்பட்டார். அவர் ஓட்டினார். நான் இடப்பக்க முன்னிருக்கையில் இருந்தேன். அது நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும் கார். சாதாரணக் கார்களில் அச்சின் நடுவே இருக்கும் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கரப் பெட்டி பின்சக்கரங்கள் இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும், விசையைச் சரிபாதியாகத்தான் பிரிக்கும். இந்தக் காரில் பின் அச்சின் இரு பக்கமும் எண்ணெயில் ஊறிய கிளட்ச் தகடுகள் உண்டு. வலப்பக்கம் திரும்பினால் கணினி இடப்பக்கத் தகடுகளை இறுக்கும். வெளிச்சக்கரத்துக்கு விசை கூடும். அது வண்டியின் மூக்கை வளைவுக்குள் தள்ளும். எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு என்று திரையில் நான்கு பட்டைகள் ஏறி இறங்கும். முதல் வளைவிலிருந்தே நான் அதைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. ஐந்தாம் வளைவில் இடப் பின்சக்கரத்தின் பட்டை உச்சிக்குப் போனது, வண்டி சுண்டிவிட்டதுபோல் உள்ளே திரும்பியது. நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். கைப்பேசியில் பார்த்துப் படித்ததெல்லாம் என் இடுப்பில் தெரிந்தது.

அதன் பிறகு ஏழாம் வளைவில் மஞ்சள் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. சுமந்த் பின்சக்கரங்களுக்கு மட்டும் புது டயர் போட்டிருந்தார். முன் டயர்கள் தேய்ந்தவை. சுற்றளவு வேறுபட்டால் நேர்ச்சாலையிலும் தகடுகள் ஓயாமல் உரசும், சூடேறும், கணினி அவற்றைக் காப்பாற்ற விசை பிரிப்பதை நிறுத்திவிடும். நாலையும் சேர்த்து மாற்றுங்கள் என்று முன்பே சொல்லியிருந்தேன்.

"அண்ணா, ஓரமா நிப்பாட்டுங்க, ஆறட்டும்" என்றேன்.

"எடா கனி, பேடிச்சுப் போயிட்டியா?" என்று என் பயத்தைக் கேலிசெய்து, ஆக்சிலேட்டரை இன்னும் அழுத்தினார்.

ஒன்பதாம் வளைவு வலப்பக்கம். இடப் பின்பட்டை எழவே இல்லை. வண்டி வளையாமல் இடது ஓரத்துக்குப் போய், பஸ்ஸுக்கு நின்றிருந்த தோட்டத் தொழிலாளி எலிசாளின் காலைக் கைப்பிடிச்சுவரோடு சேர்த்து நசுக்கியது. அவருடைய தூக்குச்சட்டிச் சோறு கார்க் கண்ணாடியில் ஒட்டியிருந்தது.

அதன் பிறகு அவரை ஒரு ஜீப்பில் மருத்துவமனைக்கு அனுப்பினோம். "நீயாக்கும் ஓட்டினதுன்னு பறஞ்சா மதி. எனக்கு விசா வந்தாச்சு" என்றார் சுமந்த். நான் ஓட்டியதாகச் சொன்னால் போதுமாம். தாணுலிங்கம் போனில், "எடே மக்கா, பெரிய இடத்துப் பிள்ளை, கேஸ் விழுந்தா அவன் வாழ்க்கை போச்சு. உனக்கு என்னடே போகப்போகு?" என்றார். சம்மதித்தேன்.

இன்று காலை அப்படியே சொன்னேன். வண்டி ஏன் வளையவில்லை என்று ஜெஸ்லின் கேட்டார். இதை என்னிடம் யாரும் கேட்டதில்லை. மேசையில் இருந்த ரப்பர் முத்திரைகள் நான்கைச் சக்கரங்களாக வைத்து, ஒவ்வொரு வளைவிலும் எந்தப் பட்டை எவ்வளவு ஏறியது என்று காட்டினேன். அவர் பேனாவை மூடினார்.

"ஒன்பது வளைவும் நீ திரையைத்தான் பாத்திருக்க. அப்போ ரோட்டை யாருடே பாத்தது?"

முத்திரைகளை மேசையில் பழையபடி அடுக்கினேன். எலிசாளுக்குப் பதிலாக ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்க யாரையும் அனுப்ப முடியாது. சுமந்துக்குப் பதிலாக என்னை அனுப்பலாம் என்று மூன்று பேர் நம்பினோம். அதில் நானும் ஒருவன். நான் காரை ஓட்டவில்லை.

மேலே எழுதியதை வாசிக்கக் கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை. இந்த முறை யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

(ஒப்பம்) பிச்சைக்கனி