டாக்டர் கேட்ட கூடை

கண்டியிலிருந்து வந்த ரயில் வட்டகொடையை நெருங்கும்போது, என் பெஞ்சோடு முதுகு ஒட்டியிருந்த பின் பெஞ்சில் ஒருவர் தன் மனைவியிடம் கேட்டார்: "டாக்டருக்கு எதுக்கு புள்ள கொழுந்துக் கூடை?"

தேயிலை மலையைப் பார்ப்பவன்போல் ஜன்னல் பக்கம் திரும்பி, காதை மட்டும் பின்னால் கொடுத்தேன். எனக்கு நன்றாக வரும் ஒரே வேலை இது.

"அடுத்த தடவ கூடையோட வரச் சொன்னாருங்க. முன்னங்கையில ரெண்டு எலும்பாம். ஒடஞ்சது கூடினா மட்டும் பத்தாதாம், ஒண்ணு மேல ஒண்ணு பொரளணுமாம். கொழுந்தத் தோளுக்கு மேல நான் வீசுறதப் பாக்கணுமாம்."

"எலும்புல தகடு வச்சு ஆணி முறுக்கினப்பவே நெனச்சேன், இந்த டாக்டரு லேசுல விட மாட்டாருன்னு. நீ வீசிட்டீன்னா கை நல்லாருச்சுன்னு தோட்டத்துத் தொரைக்குச் சொல்லிருவாரு. மறுநாள் காலையிலயே பேர் கூப்பிடுற பெரட்டுல நிப்பாட்டி வேலைக்கு அனுப்பிருவாங்க."

"வீச வரலன்னா? அப்புறம் எனக்கு மலையில என்ன வேலைங்க?"

அவர் நிலக்கடலை உடைக்கும் சத்தம் கேட்டது.

"அந்தத் தோலக் குடுங்க. இப்பவே பாத்துருவோம்."

முதல் வீச்சு அவள் தோளிலேயே விழுந்திருக்க வேண்டும், "ஐயோ" என்றாள். அடுத்தது, ஒரு பிடித் தோல் முழுவதும், என் வழுக்கையில் வந்து இறங்கியது.

"பின்னால போயிருச்சு! கை திரும்புதுங்க!"

ஒருவருக்குக் கூடையாகவாவது பயன்பட்டேனே என்று தட்டிவிடாமல் இருந்தேன். கணவர் எட்டிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"கத்தாத புள்ள. தலையில கொட்டியும் அசையாம இருக்கான். இவன் டாக்டர் அனுப்பின ஆளுதான்."